சாமான் துறைமுகத்துல நிக்குது, ரெண்டாவது தடவை பணம் கேக்குறாங்க, கட்டலாமா?

கேள்வி: வேலை மாறி குடும்பத்தோட வேற நாட்டுக்கு வந்துட்டோம் மேடம். வீட்டு சாமானை ஒரு மூவர்ஸ் கம்பெனிகிட்ட குடுத்து ஷேரிங் கண்டெய்னர்ல அனுப்பினோம். 8 சிபிஎம்னு (கன மீட்டர்) கணக்கு போட்டு, டோர் டு டோர்னு சொல்லி முழு பணமும் முன்னாடியே வாங்கிட்டாங்க. கப்பல் வந்து 19 நாள் ஆச்சு. இங்க இருக்கற ஏஜென்ட், "அந்த கம்பெனி எங்களுக்கு பணமே அனுப்பல, சாமானும் 8 இல்ல 11 சிபிஎம் இருக்கு, நீங்க கட்டினாதான் விடுவோம்"ங்கறாங்க. குடோன் வாடகை தினமும் ஏறுது. அங்க போன் பண்ணா எடுக்கறதே இல்ல. போலீஸ்ல புகார் குடுக்கவா? ஒரே வேலைக்கு ரெண்டு தடவை நான் ஏன் கட்டணும்?

பதில்: வணக்கம் தம்பி. ஏன் கட்டணும்னு நீங்க கேக்கறது நூத்துக்கு நூறு நியாயம். கட்ட வேண்டிய ஆள் நீங்க இல்ல, அந்த கம்பெனிதான். ஆனா நியாயம் யார் பக்கம்ங்கறது ஒரு கேள்வி, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க என்ன செய்யணும்ங்கறது வேற கேள்வி, இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கிட்டு ரெண்டு மாசம் மெயில்லயே சண்டை போட்டு கடைசில சாமானோட மதிப்பை விட குடோன் வாடகை பெருசாகி நின்னவங்களை நான் பார்த்திருக்கேன். வாடகை மீட்டர் உங்களுக்காக நிக்காது. ரொம்ப நாள் எடுக்காம விட்டா கஸ்டம்ஸ் ஏலத்துக்கே போயிடும், அதுக்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். நாளைக்கு கோர்ட்டுக்கு போனாலும், "நஷ்டத்தை குறைக்க நீங்க என்ன செஞ்சீங்க"ன்னுதான் நீதிபதி முதல்ல கேப்பார், சும்மா இருந்த நாளுக்கான வாடகை கைக்கு வராது. அதனால என் கருத்து இதுதான்: முதல்ல சாமானை வெளிய எடுங்க, சண்டையை அப்புறம் போடுங்க, ஆனா அந்த சண்டைக்கு வேண்டிய காகிதத்தை எடுக்கும்போதே சேர்த்துடுங்க.

இப்போ யாரு யாருன்னு புரிஞ்சுக்கங்க. உங்க ஒப்பந்தம் நீங்க பணம் கட்டுன மூவர்ஸோட மட்டும்தான். அவங்ககிட்ட சொந்தமா கப்பலும் கிடையாது, பெரும்பாலும் கண்டெய்னரும் கிடையாது, பல பேரோட சாமானை ஒரே கண்டெய்னர்ல ஏத்தற ஒரு ஃபார்வர்டர்கிட்ட இடம் வாங்கியிருப்பாங்க. அதனால ரெண்டு பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏத்திக்கிட்டதுக்கு குடுக்கற ரசீது, இருக்கும். கப்பல் கம்பெனி ஃபார்வர்டருக்கு குடுக்கறது மாஸ்டர் பில், உங்க சாமானுக்குன்னு தனியா போடறது ஹவுஸ் பில். இந்த ஹவுஸ் பில்தான் உங்க உயிர்நாடி, உங்ககிட்ட காப்பி இல்லன்னா இப்பவே ஏஜென்ட்கிட்ட கேளுங்க. அதுல கன்சைனியா, அதாவது சாமானை வாங்கிக்க வேண்டியவரா, உங்க பேர் இருக்கா, "ஃப்ரைட் ப்ரீபெய்ட்"னு (கப்பல் கூலி முன்னாடியே கட்டியாச்சு) இருக்கா "ஃப்ரைட் கலெக்ட்"னு (இறங்குற இடத்துல வசூலிக்கணும்) இருக்கான்னு பாருங்க. ப்ரீபெய்ட்னு அச்சடிச்சு குடுத்துட்டு அதே கப்பல் கூலியை உங்ககிட்ட மறுபடி கேட்டா, "நீங்களே கட்டியாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே"ன்னு கேக்கற பலமான வாதம் உங்க கையில இருக்கு. கலெக்ட்னு இருந்தா ஏஜென்ட் பக்கம் கொஞ்சம் பலம், அப்ப மூவர்ஸ் ஆரம்பத்துலயே உங்களை ஏமாத்த நினைச்சிருக்காங்கங்கறதுக்கு அதுவே சாட்சி.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ப்ரீபெய்ட்ங்கறது கப்பல் கூலிக்கு மட்டும்தான். இறங்குற துறைமுகத்துல டெர்மினல் ஹேண்ட்லிங் (சரக்கை இறக்கி கையாள்ற கூலி), கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், கஸ்டம்ஸ் திறந்து பார்த்தா அந்த செலவு, இதெல்லாம் டோர் டு டோர்ல சேர்ந்ததா இல்லையான்னு உங்க கொட்டேஷனோட கடைசி பக்கத்துல, பொடி எழுத்துல, "இதில் அடங்காதவை"ன்னு எழுதியிருப்பாங்க. அதை ஒரு தடவை பொறுமையா படிங்க.

அடுத்தது அந்த 11 சிபிஎம். இதுல நீங்க அசரவே கூடாது. ஒரு சிபிஎம்னா ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம். 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் இருக்கற ஒரு அட்டைப்பெட்டி 0.1215 சிபிஎம் வரும். அப்போ 3 சிபிஎம் அதிகம்னா அந்த மாதிரி பெட்டி கிட்டத்தட்ட 25 கூடியிருக்கணும். உங்க பேக்கிங் லிஸ்ட்ல இருக்கற பெட்டி எண்ணிக்கையும் ஏஜென்ட் குடோன்ல இறக்கின எண்ணிக்கையும் ஒண்ணா இருந்தா, இந்த 25 பெட்டி எங்கிருந்து முளைச்சுது? சில சமயம் நியாயமான காரணமும் இருக்கும், மரக்கூடு அடிச்சிருப்பாங்க, பேலட் (சரக்கு அடுக்கற மரத்தட்டு) மேல வச்சு பேலட்டோட சேர்த்து அளந்திருப்பாங்க. அதனால சண்டைக்கு போகாம அளவு சீட்டை கேளுங்க, உங்க முன்னாடி மறுபடி அளக்கணும்னு எழுத்துல கேளுங்க, முடிஞ்சா நேர்ல போய் டேப் புடிச்சு போட்டோ எடுங்க. நிறைய இடத்துல இந்த ஒரு கடிதத்துக்கே அளவு தானா இறங்கிடும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி சாமான் உண்மையிலேயே ஏஜென்ட்கிட்டதான் இருக்கான்னு பாருங்க. நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கற கண்டெய்னர் நம்பரை வாங்கி கப்பல் கம்பெனியோட டிராக்கிங்ல போடுங்க, குடோன்ல உங்க பெட்டிகளோட போட்டோ கேளுங்க. தனி ஆளோட அக்கவுண்டுக்கு ஒரு பைசா அனுப்பாதீங்க. அப்புறம், எதுக்கு எவ்வளவுன்னு வரி வரியா பிரிச்ச இன்வாய்ஸ் கேளுங்க, மொத்தமா ஒரே தொகை போட்ட பேப்பரை ஏத்துக்காதீங்க. மூவர்ஸ்கிட்ட நீங்க முழுசா கட்டின ரசீதை காட்டி, எந்த ஷரத்துப்படி சாமானை புடிச்சு வச்சிருக்காங்கன்னும் கேளுங்க. லீயன்னு ஒரு உரிமை இருக்கு, தனக்கு வர வேண்டிய கூலிக்காக கையில இருக்கற சரக்கை புடிச்சு வைக்கலாம், ஆனா அது அந்த சரக்குக்கு சேர வேண்டிய பாக்கிக்குதான். மூவர்ஸ் போன வருஷம் வேற யாரோ சாமானுக்கு வச்ச பாக்கியை உங்க தலையில கட்டறதுன்னா, உங்க பில் ஆஃப் லேடிங்லயே அப்படி ஒரு ஷரத்து இருக்கணும், இருந்தாலும் அது செல்லுமான்னு எதிர்த்து கேக்கலாம்.

இதுக்கு அப்புறமும் விடலன்னா கட்டுங்க, ஆனா "அண்டர் ப்ரொடெஸ்ட்" கட்டுங்க. கட்டறதுக்கு முன்னாடி மெயில்ல இப்படி எழுதுங்க: "இந்தத் தொகையை நான் கொடுக்கக் கடமைப்பட்டவன் இல்லை. என் பொருட்களை விடுவிக்க வேறு வழியில்லாததால், எதிர்ப்பு தெரிவித்து, திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்." இந்த ரெண்டு வாக்கியம் இல்லாம கட்டினா, நீங்களா ஒத்துக்கிட்டு கட்டினீங்கன்னு நாளைக்கு சொல்லுவாங்க. டெலிவரி தேதியை அவங்க எழுத்துல குடுத்த பிறகு பணம் போகட்டும். தொகை ரொம்ப பெருசுன்னா அங்கேயே ஒரு வக்கீலை பாருங்க, தகராறுல இருக்கற தொகையை டெபாசிட்டா வச்சுட்டு சாமானை விடச் சொல்லி கோர்ட்ல கேக்க வழி இருக்கும்.

போலீஸ் பத்தி கேட்டீங்க. பணம் வாங்கி ஏஜென்டுக்கு அனுப்பாம முழுங்கினது, போன் எடுக்காதது, இதெல்லாம் சேர்ந்தா மோசடி புகார் குடுக்க முகாந்திரம் இருக்கு, கிளம்பின நாட்டுல குடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த போலீஸ் இன்னொரு நாட்டு குடோனை திறக்க முடியாது, இது சிவில் தகராறுன்னு திருப்பி அனுப்பவும் வாய்ப்பு இருக்கு, அதனால அதை நம்பி உக்காந்துடாதீங்க. மூவர்ஸுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க, ரெண்டாவதா கட்டின தொகையும் வாடகையும் அதுல வரணும். கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கார்டு பணத்தை திருப்பி எடுத்துத் தரச் சொல்லி, கேளுங்க, அதுக்கு நாள் கெடு உண்டு, இன்னைக்கே பேசுங்க. வழக்கு எந்த ஊர் கோர்ட்ல, இல்ல ஆர்பிட்ரேஷன்லயான்னு (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் முன்னாடி) ஒப்பந்தத்துல இருக்கும், ஆனா பல நாட்டு நுகர்வோர் சட்டங்கள் அந்த ஷரத்தை அப்படியே ஏத்துக்கறதில்ல.

இன்சூரன்ஸ் இருந்தாலும் இந்த பணத்தை அது தராது, அது உடைஞ்சதுக்கும் தொலைஞ்சதுக்கும்தான், தாமதம் பொதுவா அதுல வராது. நீங்களே பேக் பண்ணின பெட்டிக்குள்ள உடைஞ்சதுக்கும் நிறைய பாலிசில கை விரிச்சிடுவாங்க. அதுக்காக வேஸ்ட்னு நினைக்காதீங்க. 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல ஆறு நாள் சிக்கினப்ப ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க, அதாவது கப்பலை மீட்ட செலவுல சரக்கு வச்சிருந்தவங்களும் பங்கு குடுக்கணும், அந்த மாதிரி நேரத்துல இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு கம்பெனியே கேரண்டி குடுத்துடும், இல்லாதவங்க சொந்த பணத்தை டெபாசிட் கட்டணும்.

கடைசியா டெலிவரி நாள். 19 நாளுக்கு மேல குடோன்ல கிடந்த சாமான், அதனால லாரிக்காரர் அவசரப்படுத்தினாலும் பேக்கிங் லிஸ்டை கையில வச்சுக்கிட்டு நம்பர் நம்பரா டிக் பண்ணுங்க, நசுங்கின பெட்டி, ஈரமான பெட்டி, வராத பெட்டி எல்லாத்தையும் டெலிவரி சீட்டுல எழுதிட்டுதான் கையெழுத்து. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு சும்மா போட்டுடாதீங்க. நிறைய நாடுகள் கடல் சரக்குக்கு பின்பற்றற ஹேக்-விஸ்பி விதிப்படி, வெளிய தெரியாத சேதத்தை 3 நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும். சொல்லலன்னா உரிமை போயிடாது, ஆனா சேதம் அவங்க கையில ஆச்சுன்னு நிரூபிக்கற பாரம் உங்க மேல விழுந்துடும். நஷ்ட ஈடுக்கு உச்சவரம்பும் உண்டு, ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் இல்ல கிலோவுக்கு 2 எஸ்டிஆர், ரெண்டுல எது அதிகமோ அது. எஸ்டிஆர்ங்கறது சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு. இதுல ஒரு கண்ணி இருக்கு, பில் ஆஃப் லேடிங்ல "74 பெட்டிகள்"னு எண்ணிக்கை இருந்தா ஒவ்வொரு பெட்டியும் தனி கணக்கு, "வீட்டு சாமான், ஒரு லாட்"னு மொட்டையா போட்டிருந்தா மொத்தமும் ஒரே பொதின்னு வாதாடுவாங்க. ஹவுஸ் பில் காப்பி வந்ததும் அந்த வரியையும் பாருங்க.

கப்பல் தரப்பு மேல கேஸ் போட இந்த விதில ஒரே வருஷம்தான், டெலிவரி ஆன நாள்லருந்து, வரவே இல்லன்னா வந்திருக்க வேண்டிய நாள்லருந்து. மூவர்ஸ் ஒப்பந்தத்துல அதை விட சின்ன கெடுவே இருக்கலாம், சேதத்துக்கு 7 நாள், 14 நாள்னு கூட போட்டிருப்பாங்க. ரெண்டு தேதியையும் இன்னைக்கே காலண்டர்ல குறிச்சுட்டு, முதல் வேலையா ஹவுஸ் பில், அளவு சீட்டு, வரி வரியா பிரிச்ச இன்வாய்ஸ் எல்லாம் கேட்டு ஏஜென்டுக்கு மெயில் அனுப்புங்க தம்பி. ஹவுஸ் பில் வந்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, பார்த்துட்டு நோட்டீஸ்ல என்னென்ன போடணும்னு சொல்றேன்.