பருவுக்கு எந்த மருந்து? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு டாக்டர் அடபலீன் 0.1% ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்கைக்கு ட்ரெட்டினாயின் 0.025%. தோழிக்குக் கிளிண்டாமைசின் ஜெல். அவளுக்குச் சீக்கிரமே பரு வற்றிவிட்டது. எனக்கோ மூன்று வாரமாகத் தோல் உரிவதுதான் மிச்சம். நானும் கிளிண்டாமைசினுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: மாறாதீர்கள். பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே தோலின் நுண்துளையில் செத்த செல்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்பு உருவாகாமல் தடுப்பவை அடபலீன், ட்ரெட்டினாயின், டாசரோட்டீன் போன்ற ரெட்டினாய்டுகள். கிளிண்டாமைசின் ஒரு ஆன்டிபயாடிக். அடைப்புக்குள் பெருகும் கிருமியையும் அதனால் வரும் வீக்கத்தையும் குறைக்கும். சிவந்த பருக்கள் வற்றும். கரும்புள்ளிகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கிளிண்டாமைசினை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமி மருந்துக்குப் பழகிப்போய், பிறகு கேட்காது. கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சையும் சேர்த்துப் போட்டால் அந்த ஆபத்து குறையும். தோழிக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் மருந்தும் தங்கையின் மருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருபவை. எரிச்சல் அடபலீனில் குறைவு, வெளிச்சத்திலும் அது கெடாது. டாசரோட்டீன் வீரியமானது, எரிச்சலும் அதற்கேற்ப அதிகம். அதனால் முதல் மருந்தாக அடபலீன் கொடுத்தது சரியான தேர்வு என்றே சொல்வேன்.

தோல் உரிகிறது என்றால் முதலில் அளவைப் பாருங்கள். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துடைத்து, 20 நிமிடம் நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோலில் மருந்து அதிகமாக ஊடுருவி எரியும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் புள்ளி வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். கண்ணிமை, மூக்கோரம், வாயோரம் வேண்டாம். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இனிமேல் வரப்போகும் பருவைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை, ஆகவே பரு வரக்கூடிய பகுதி முழுவதும் பட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். அப்போதும் எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து. பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். முதல் சில வாரங்களில் பரு கூடியதுபோல் தெரியலாம். 12 வாரம் முடியாமல் "கேட்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். முகம் வீங்கினாலோ, கொப்புளித்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ட்ரெட்டினாயினையும் பென்சாயில் பெராக்சைடையும் இரவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவுகிறேன். சரியா? பெராக்சைடு 5% போதுமா, 10% வாங்கலாமா?

பதில்: பழைய வகை ட்ரெட்டினாயினை பெராக்சைடு சிதைத்துவிடும். வெளிச்சமும் அதைக் கெடுக்கும். எனவே காலையில் பெராக்சைடு, இரவில் ட்ரெட்டினாயின். அடபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 2.5% பெராக்சைடோடு கலந்து ஒரே ட்யூபாகவே வருகிறது. பெராக்சைடில் 10%க்குப் போகாதீர்கள். 2.5 சதவீதமே பருவை ஏறக்குறைய அதே அளவு குறைக்கும், கூடுதல் சதவீதத்தால் கூடுவது எரிச்சல்தான். இன்னொன்று: பெராக்சைடு பட்ட துண்டும் தலையணை உறையும் சட்டைக் காலரும் வெளுத்துப்போகும். வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். பரு போன இடமெல்லாம் கருந்திட்டு. அடபலீனைத் தொடரலாமா?

பதில்: இப்போதே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். டாசரோட்டீன் கர்ப்பத்தில் அறவே கூடாது. மற்ற ரெட்டினாய்டுகளையும் தவிர்ப்பதே வழக்கம். உங்களுக்குப் பொருத்தம் அசெலாயிக் ஆசிட், 15% ஜெல் அல்லது 20% க்ரீம். கர்ப்பத்திலும் போடக்கூடியது, கருந்திட்டையும் மங்கவைக்கும். தடவியதும் சில நிமிடம் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். பரு வற்றச் சில வாரம் ஆகும், கருந்திட்டு மறைய மாதங்கள் பிடிக்கும்.

கேள்வி: ஹார்மோனைத் தடுக்கும் க்ரீம் ஆண்களுக்கும் உண்டா?

பதில்: உண்டு. கிளாஸ்கோடெரோன் 1%, அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியில் ஆண் ஹார்மோன் ஒட்டும் இடத்தை மறிக்கிறது. தினம் இருவேளை, 12 வயதுக்கு மேல் இருபாலருக்கும். ஆனால் தோலுக்கடியில் கட்டிபோல் வலிக்கும் பருக்களும் தழும்பும் இருந்தால் எந்தப் பூச்சும் தனியாகப் போதாது. மாத்திரை தேவைப்படும், தள்ளிப்போடாதீர்கள்.