டவர் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் செட் ஆகும்? நம்ம சேலம் ஆளுங்க கேட்டதுக்கு பதில்

டவர் ஸ்பீக்கர் (தரையில நிக்கிற உயரமான ஸ்பீக்கர்), ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கிற ஆம்ப்ளிஃபயர்), ரிசீவர் (ஆம்ப்போட டிவி, சரவுண்ட் இணைப்பெல்லாம் சேந்த பெட்டி) பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு போன வாரம் சொல்லிருந்தேன், நிறைய வந்துருச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து எழுதிருக்கேன்.

அம்மாபேட்டை தம்பி: அண்ணா, ஸ்பீக்கர்ல 150 வாட்ஸ்னு போட்டிருக்கு, என் ரிசீவர் 80 வாட்ஸ் தான். கம்மி வாட்ஸ்ல ஓட்டுனா ஸ்பீக்கர் போயிரும்னு கடைல சொல்றாங்க, உண்மையா?

தம்பி, அந்த 150 ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கு, அவ்வளவு குடுத்தே ஆகணும்னு இல்ல. நீ பாக்க வேண்டியது சென்சிடிவிட்டி, பின்னாடி ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ 88 டிபி, 91 டிபின்னு இருக்கும் (டிபின்னா டெசிபல், சத்தத்தோட அளவு). 88னு வச்சுக்க. 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி 88 டிபி கேக்கும்னு அர்த்தம் (8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஓம்ங்கிறது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் குடுக்கிற தடை). நீ 10 அடி தள்ளி சோஃபால உக்காருவ, ரூமுக்குள்ள அதுல சுமாரா ஒரு 6 டிபி இறங்கும், ரெண்டு ஸ்பீக்கரும் சேந்து பாடுறதால 3 டிபி திரும்ப ஏறும், ஆக வெறும் 1 வாட்லயே உன் காதுக்கு 85 டிபி வருது, அதுவே வீட்ல நல்ல சத்தம். இனி ஒவ்வொரு 3 டிபிக்கும் வாட்ஸ் ரெட்டிப்பாகும். 2 வாட்டுக்கு 88, 4க்கு 91, 8க்கு 94, 16க்கு 97, 32க்கு 100. தவில்ல ஓங்கி ஒரு அடி விழும்ல, அந்த ஒரு நொடிக்குத்தான் 32 வாட்ஸே தேவைப்படுது. 80க்கும் 150க்கும் நடுவுல வித்தியாசம் 3 டிபிகூட இல்ல, அதுக்காக ரிசீவரை மாத்தாத.

கடைக்காரர் சொன்னதுலயும் பாதி நிஜம் இருக்கு. வாட்ஸ் கம்மியா இருக்கிறதால ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போகாது, கம்மி வாட்ஸ் ஆம்ப்பை அதால முடியாத அளவுக்கு திருகும்போதுதான் போகும். அலையோட மேல்பக்கமும் கீழ்பக்கமும் சீவி விட்ட மாதிரி தட்டையாயிரும், அந்த எக்ஸ்ட்ரா பவர் எல்லாம் ட்வீட்டர் பக்கம் போயி முடி மாதிரி இருக்கிற காயிலை எரிச்சிரும். பாட்டுல 'ச', 'ஸ' வர்ற இடம் கரகரன்னு ஆச்சுன்னா அப்பவே வால்யூமை இறக்கிரு.

ஃபேர்லேண்ட்ஸ் சார்: 4 ஓம் டவர், 7.2 ரிசீவர் (7 ஸ்பீக்கர், 2 சப்ஊஃபர் மாட்டுறது). படம் அரை மணி நேரம் ஓடுனதும் ரிசீவர் தானா ஆஃப் ஆயிருது. பெட்டில 165 வாட்ஸ்னு போட்டிருக்கே, பத்தலையா?

சார், முதல்ல அந்த 165 எப்படி அளந்ததுன்னு சின்ன எழுத்துல பாருங்க. 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல் மட்டும், டிஸ்டார்ஷன் 10%னு இருந்தா அது விளம்பரத்துக்கான நம்பர். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 2 சேனல்னு போட்டிருக்கிறதுதான் நம்பலாம், பல ரிசீவர்ல அது 80, 90ல நிக்கும். இப்ப 4 ஓம் விஷயம். அதே வோல்டேஜுக்கு 8 ஓமை விட ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், 4 ஓம்னு போட்ட ஸ்பீக்கர் பேஸ் பக்கம் 3 ஓம் வரைக்கும்கூட இறங்கும். ரிசீவர் சூடாகி தன்னைக் காப்பாத்திக்கத்தான் ஆஃப் ஆகுது.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க. கண்ணாடி கதவு போட்ட டிவி யூனிட்குள்ள வச்சிருந்தா வெளிய எடுத்து வைங்க, மேல அரை அடி காத்தோட்டம் வேணும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல ரூமே கொதிக்குது. அடுத்தது ஒயர். இதே கம்ப்ளைண்ட்னு ஒருத்தர் வீட்டுக்கு போனேன், டார்ச் அடிச்சு பாத்தா சிவப்பு டெர்மினல்ல இருந்து ஒத்தை செம்பு இழை, தலைமுடி அளவுக்கு, பிரிஞ்சு கருப்பை தொட்டும் தொடாம நிக்குது, பேஸ் அதிரும்போது மட்டும் தொடும். வெட்டி முறுக்கி திரும்ப மாட்டினேன், அதோட சரியாச்சு.

இது ரெண்டும் சரியா இருந்தா, உங்க ரிசீவர்ல ப்ரீ அவுட் (வெளி ஆம்ப்புக்கு சிக்னல் எடுக்கிற சாக்கெட்) இருக்கான்னு பாருங்க. இருந்தா 4 ஓமுக்கு ரேட்டிங் குடுத்திருக்கிற 2 சேனல் பவர் ஆம்ப் ஒண்ணு வாங்கி டவரை மட்டும் அதுல ஓட்டுங்க, செண்டரும் சரவுண்டும் ரிசீவர்லயே இருக்கட்டும். ரிசீவரை விக்க வேண்டாம்.

குகை அண்ணன்: எஸ்டிகே 4141 (ஸ்டீரியோ ஆம்ப் ஐசி) போர்டு போட்டு அசெம்பிள் பண்ண ஆம்ப் இருக்கு, டவருக்கு குடுக்கலாமா?

தாராளமா குடுக்கலாம்ணே. ஒரு பக்கத்துக்கு 25 வாட்ஸ் உண்மையான வாட்ஸ், மேல தம்பிக்கு சொன்ன கணக்குல 99 டிபி வரைக்கும் வந்துரும். டவர் 8 ஓமா இருக்கட்டும். ஆனா ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு இல்லாம மட்டும் மாட்டாதீங்க. ஐசி ஷார்ட் ஆச்சுன்னா டிசி கரண்ட் நேரா ஊஃபருக்குள்ள (பேஸ் குடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) போயிரும், கோன் முன்னாடி தள்ளி அப்படியே நிக்கும், காயில் கருகுற வாசனை வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். சில நூறு ரூபா போர்டுக்கு பாத்து ஆயிரக்கணக்குல ஊஃபரை இழக்காதீங்க.

கொண்டலாம்பட்டி: பை ஒயரிங் (ட்வீட்டருக்கு ஒரு ஜோடி, ஊஃபருக்கு ஒரு ஜோடின்னு தனித்தனி ஒயர்) பண்ணா சவுண்ட் மாறுமா?

மாறாது. பின்னாடி ரெண்டு ஜோடி டெர்மினலையும் சேக்கிற லிங்க் தகடை கழட்டாம ஒரே ஜோடி ஒயர் போடுங்க, 5 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும்.

ஏற்காடு, நாகலூர் அக்கா: பனியில வீடே ஈரமா இருக்கு தம்பி, ஸ்பீக்கர் கெட்டுப் போகுமா? எது வாங்கலாம்?

அக்கா, அங்க வாட்ஸை விட ஈரம்தான் எதிரி. கோனை சுத்தி இருக்கிற வளையம் ஃபோமா இருந்தா சில வருஷத்துல பொடிப்பொடியா உதிரும், ரப்பர் வளையம் இருக்கிறதா பாத்து வாங்குங்க. வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க, ஒரு ஒன்றரை அடி தள்ளியே இருக்கட்டும். டெர்மினல்ல பச்சையா களிம்பு பிடிக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒயர் நுனியை வெட்டி புதுசா சீவி மாட்டுங்க. ஆம்ப்பை தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, அந்த சூட்லயே உள்ள ஈரம் காயும். இடி இடிக்க ஆரம்பிச்சா ஸ்விட்ச் ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, பிளக்கை பிடுங்கணும், டிஷ் கேபிளையும் சேத்து பிடுங்கணும், அந்த ஒயர் வழியா வந்து போன ரிசீவர் நிறைய பாத்துட்டேன்.

சூரமங்கலம் தம்பி: அண்ணா, என் ரூம் 10க்கு 10. டவர் வாங்க காசு சேத்துட்டேன், எந்த ரிசீவர் வாங்கட்டும்?

தம்பி, சேத்த காசுன்னு சொன்னதால நேராவே சொல்றேன், அந்த ரூமுக்கு டவர் வேண்டாம். பேஸ் நாலு சுவத்துலயும் மோதி கும்முனு ஒரே இரைச்சலா இருக்கும், எந்த ரிசீவராலயும் அதை முழுசா சரி பண்ண முடியாது. நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி (ஸ்டாண்ட்ல வைக்கிற சின்ன ஸ்பீக்கர்), 40, 50 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப், மிச்ச காசுல ஸ்டாண்ட். ஏற்கனவே டவருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்னா சுவத்துல இருந்து ரெண்டு அடி முன்னாடி இழுத்து வை, பின்னாடி பேஸ் ஓட்டைல சாக்ஸை சுருட்டி அடைச்சு பாரு, எப்படி கேக்குதுன்னு எனக்கு சொல்லு.