சர்வாதிகாரிகள் ஏன் அணுகுண்டுக்கு இப்படி அலைகிறார்கள்? அதனால் உலகத்துக்கு என்ன ஆபத்து?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். 'தேசப் பெருமை, பாதுகாப்பு, பிராந்திய ஆதிக்கம்' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் 2011 பிப்ரவரியில் லிபியாவில் வேலையில் இருந்தவன் நான். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

"ஜப்பான் மேல் குண்டு போட்டது ஜனநாயக நாடுதானே? நாம் பொக்ரானில் என்ன செய்தோமாம்?" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரியும் ஐயா. நான் யாருக்கும் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. கேள்வி சர்வாதிகாரிகளைப் பற்றியது, பதிலும் அவ்வளவுதான்.

தேர்தலில் தோற்ற பிரதமர் வீட்டுக்குப் போவார். சர்வாதிகாரி பதவியை விட்டால் போக இடம் கிடையாது. அவர் குண்டு தேடுவது நாட்டைவிடத் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

லிபியாவை ஆண்ட கடாபியும் தேடினார். 2003 அக்டோபரில், மலேசியாவில் செய்த, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களின் உதிரி பாகங்களோடு லிபியா போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலிக்குத் திருப்பிப் பிடித்தார்கள். பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் நடத்திய ரகசிய வலைப்பின்னல் அனுப்பிய சரக்கு அது. அந்த டிசம்பர் 19-ஆம் தேதி எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக லிபியா அறிவித்தது. அடுத்த மாதமே சாமான்களை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவின் டென்னசிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாங்கிப் போட்டதில் நிறைய பெட்டிகள் பிரிக்கப்படவே இல்லையாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பெங்காசிக்கு வெளியே ஒரு குடியிருப்புக் கட்டுமானத்தில் நான் ஸ்டோர்கீப்பர். லிஃப்ட் மோட்டார்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. லிஃப்ட் வரவேண்டிய கட்டடத்துக்கு அஸ்திவாரமே முடியவில்லை. மேலே போகிற ரிப்போர்ட்டில் மட்டும் 'லிஃப்ட் பணி நடைபெறுகிறது'. அரசு அதிகாரி வருகிறார் என்றால் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் பெயிண்ட். "உண்மையை எழுதினால் என்ன?" என்று எகிப்துக்கார ஃபோர்மேனிடம் கேட்டேன். ஆபீஸ் சுவரில் இருந்த கடாபி படத்தைக் கண்ணால் காட்டிவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

கடாபிக்கு எதிராகக் கலவரம் வெடித்ததும் கம்பெனி மேனேஜர்தான் முதலில் எல்லை தாண்டினார், பாஸ்போர்ட் இருந்த லாக்கரின் சாவியோடு. இந்திய அரசு அமர்த்திய 'ஸ்காட்டியா பிரின்ஸ்' கப்பலில் பாஸ்போர்ட் இல்லாமலே அலெக்சாண்டிரியா வந்து ஊர் சேர்ந்தேன். அதற்கு நன்றி, குறை சொல்லவில்லை. ஆனால் பாக்கிச் சம்பளம் இன்று வரை வரவில்லை. அனுப்பிய ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. போகும்போது ஆயிரம் காகிதம் கேட்டவர்கள், திரும்பி வந்து நான் நீட்டிய ஒரே மனுவை "இது எங்கள் பிரிவு இல்லை" என்று மேஜை மேஜையாகத் தள்ளினார்கள். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற பணம் வேண்டும், அவன் பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அதே 2011 மார்ச் 19-ஆம் தேதி மேற்கத்திய விமானங்கள் கடாபியின் படை மீது குண்டு போட்டன. மூன்றே நாளில் வடகொரிய வெளியுறவு அமைச்சகம், லிபியாவை ஆயுதத்தைக் கைவிட வைத்ததே தாக்குவதற்கான தந்திரம்தான் என்று அறிக்கை விட்டது. அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார். 2018-இல் அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன், வடகொரியாவும் 'லிபியா மாதிரி' ஆயுதத்தை ஒப்படைக்கலாம் என்று வாய்விட்டதும் வடகொரியா ஏன் கொதித்தது என்று இனி விளங்கும். அதற்குள் 2006 முதல் 2017 வரை ஆறு முறை குண்டு வெடித்துப் பார்த்துவிட்டார்கள்.

உடனே 'கடாபி குண்டுத் திட்டத்தைக் கைவிட்டிருக்கக் கூடாது என்கிறாயா' என்று பாயாதீர்கள். மார்ச் 19 காலையில் அவருடைய டாங்கிகள் பெங்காசிக்குள்ளேயே நுழைந்துவிட்டன. தடுத்தது அந்த விமானங்கள்தான். அவரிடம் அணுகுண்டு இருந்திருந்தால் ஒரு விமானமும் வந்திருக்காது. என் ஸ்டோரில் லோடு இறக்கிய பையன்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள். சர்வாதிகாரியின் குண்டால் முதலில் மாட்டிக்கொள்வது அவருடைய சொந்த ஜனம்தான். பிறகு நேட்டோ அந்த நாட்டை என்ன கதியில் விட்டுப்போனது என்பது வேறு விவகாரம், அதற்கு வேறு கேள்வி கேளுங்கள்.

அடுத்த ஆபத்து, மேலிடத்துக்குக் கெட்ட செய்தி போகாது. 2022 செப்டம்பரில் வடகொரியா ஒரு சட்டம் போட்டது: தலைமைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எதிரித் தாக்குதலால் ஆபத்து வந்தால் அணுத் தாக்குதல் தானாகவே, உடனடியாக நடக்கும். நடுராத்திரியில் ராடாரில் ஏதோ தெரிகிறது என்று வையுங்கள். "இது நம் கருவியின் கோளாறு" என்று வடகொரியத் தலைவர் கிம்மிடம் சொல்லும் தைரியம் அங்கே எந்த அதிகாரிக்கு இருக்கும்? பக்கத்து நாட்டுக்காரனும் சும்மா இருக்க மாட்டான். தென்கொரியாவில் எடுத்து அதே 2022-இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் எங்களுக்கும் குண்டு வேண்டும் என்றார்கள்.

கடைசியாக, இந்தத் தொழில்நுட்பம் ஒரு நாட்டோடு நிற்காது. சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் பாலைவனத்தில் வடகொரிய உதவியோடு ரகசியமாகக் கட்டிய அணு உலையை 2007-இல் இஸ்ரேல் விமானங்கள் தகர்த்தன. சட்டப்படி அது சரியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் 2014-இல் அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஐஎஸ் பயங்கரவாதிகள் கையில் இருந்தது.