கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்: அஃபிலியேட் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அஃபிலியேட் மார்க்கெட்டிங் (உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன்) கோர்ஸ் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

99 ரூபாய் வெபினாரில் சேர்ந்தேன். 25,000 ரூபாய் கோர்ஸை இன்று இரவு 12 மணிக்குள் எடுத்தால் 4,999 என்கிறார்கள். எடுக்கலாமா? (கல்லூரி மாணவர், நாமக்கல்)

வேண்டாம். விற்க நினைப்பவர் அதே விலைக்கு அடுத்த வாரமும் தருவார். யோசிக்க நேரம் கொடுக்காத யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

சார், மாசம் எவ்வளவு சம்பாதிக்கலாம்? (பெயர், ஊர் இல்லை)

என்ன பொருள், யூடியூபா வலைத்தளமா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? எதுவுமே எழுதாமல் உங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு வரியை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு தொகையைச் சட்டென்று சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்க வந்தவர்.

கணக்கை நீங்களே போடுங்கள். 1,500 ரூபாய் ஹெட்போனுக்கு 4 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 60 ரூபாய். மாதம் 15,000 வேண்டுமானால் 250 விற்க வேண்டும். லிங்கைத் தட்டும் நூறு பேரில் 3 பேர் வாங்கினால், சுமார் 8,000 க்ளிக் தேவை. அந்த 8,000 பேரை எப்படி வரவழைப்பது என்று கற்றுத்தருவதுதான் கோர்ஸின் வேலை. பாடத்திட்டத்தில் அது இல்லாமல் 'மைண்ட்செட்' பற்றிப் பத்து வீடியோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

அக்கா ஒருவர் ஒரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் அதையே மற்றவர்களுக்கு விற்று 70-80 சதவீதம் கமிஷன் பெறலாமாம். இதுவும் அஃபிலியேட்தானே? (பி.காம். முடித்தவர், தேனி)

இந்தக் கேள்வி எனக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் எழுதும்போது வயிறு எரிகிறது. ஏனென்றால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள், வீட்டுச் செலவுக்கு வழி தேடும் பெண்கள்.

அஃபிலியேட் என்றால் யாரோ ஒருவர் தன் தேவைக்காக ஒரு பொருளை வாங்குகிறார்; அவருக்கு வழி காட்டியதற்கு உங்களுக்குக் கமிஷன். மிக்சி வாங்குகிறவருக்கு மிக்சி வேண்டும், கமிஷன் வேண்டாம். நீங்கள் சொல்லும் பேக்கேஜை வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார்? அதையே அடுத்தவருக்கு விற்பதற்காக. வெளியிலிருந்து உண்மையான வாடிக்கையாளர் யாரும் இல்லை. புதிதாகச் சேர்கிறவரின் பணம்தான் முன்பு சேர்ந்தவரின் வருமானம். ஒவ்வொருவரும் 5 பேரைச் சேர்த்தால் பத்தாவது படியில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வேண்டும். அதனால் கடைசியில் சேர்ந்தவர்களுக்கு விற்க ஆள் கிடைக்காது.

பாடத்தையும் பாருங்கள். இப்படிப்பட்ட பேக்கேஜ் ஒன்றின் வீடியோக்களை ஒரு வாசகி எனக்குக் காட்டினார். கேன்வா, ஸ்போக்கன் இங்கிலிஷ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்று யூடியூபில் இலவசமாகக் கிடைப்பவைதான். அதில் கவனமெடுத்துச் செய்திருந்த ஒரே பகுதி, உறவினர்களையும் கல்லூரி நண்பர்களையும் வாட்ஸ்அப்பில் எப்படி அணுகுவது என்பது. அந்த வாசகி தன் சித்தி மகளையே சேர்த்துவிட்டிருந்தார். பணம் போனதைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

2021இல் வந்த நேரடி விற்பனை விதிகள், இப்படி ஆளுக்குக் கீழ் ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டத்தையும், ஆள் சேர்த்தால் பணம் என்று ஆசைகாட்டும் பணச்சுழற்சித் திட்டத்தையும் தடை செய்கின்றன. அதற்கும் முன்பே, 1978லிருந்து பணச்சுழற்சித் திட்டங்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. நடத்துகிறவர்கள் 'நாங்கள் விற்பது கல்வி' என்பார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கமிஷனே கிடையாது என்றால் இந்த வீடியோக்களுக்காக மட்டும் யாராவது இந்தப் பணம் கொடுப்பார்களா? இல்லையென்றால் சேராதீர்கள். அந்த அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள். அவரும் யாரையோ நம்பித்தான் வந்திருப்பார்.

பயிற்சியாளர் மாதம் 3 லட்சம் வருமான ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். நம்பலாமா? (கோவை)

பிரவுசரில் தெரியும் எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். எண் உண்மையாகவே இருந்தாலும், அது விற்பனைத் தொகையா, கமிஷனா, விளம்பரச் செலவு போக மிச்சமா என்று கேளுங்கள். 3 லட்சம் வரவுக்கு இரண்டரை லட்சம் விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அப்புறம், அந்தப் பணம் பொருள் விற்று வந்ததா, கோர்ஸ் விற்று வந்ததா? அவர் நடத்தும் ரிவ்யூ தளத்தையோ சேனலையோ காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் இல்லை. இஎம்ஐ வசதி இருக்கிறது என்கிறார்கள். (இல்லத்தரசி, திருச்சி)

கடன் வாங்கி எந்தக் கோர்ஸிலும் சேராதீர்கள். அந்த இஎம்ஐ பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பயிற்சியாளர் பாதியில் காணாமல் போனாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) கெடும், நாளைக்கு நகைக்கடனோ வீட்டுக்கடனோ கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

அப்படியென்றால் எந்தக் கோர்ஸுமே வேண்டாமா? (சேலம்)

அப்படிச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். அமேசானின் அஃபிலியேட் திட்டமான அமேசான் அசோசியேட்ஸ் போன்றவற்றில் சேரக் கட்டணமே கிடையாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு துறையை எடுத்து, பத்துப் பதினைந்து பதிவு அல்லது வீடியோ முதலில் போடுங்கள். அதற்குப் பிறகு கணக்குத் தொடங்குங்கள். ஏனென்றால் அமேசானில் 180 நாளுக்குள் 3 விற்பனை காட்ட வேண்டும். உங்கள் லிங்கில் நீங்களே வாங்குவது, வீட்டாரை வாங்க வைப்பது எல்லாம் சேராது. லிங்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும், அல்லது கார்ட்டிலாவது போட வேண்டும். இவ்வளவும் அவர்களுடைய உதவிப் பக்கங்களிலேயே இலவசமாக இருக்கிறது.

அந்த 3 விற்பனையைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். தேடலில் வரவில்லை, வருகிறவர் வாங்கவில்லை என்று ஏதாவது ஒன்று. அந்த ஒன்றைக் கற்றுத்தரும் கோர்ஸை 2,000, 3,000 ரூபாய்க்குள் பார்த்து வாங்குங்கள். எப்போது பதிவு செய்த வீடியோ என்று கட்டாயம் கேளுங்கள். கூகுள் 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் தேடலில் செய்த மாற்றங்களில் ஏராளமான சிறு ரிவ்யூ தளங்கள் வாசகர்களை இழந்தன. அதற்கு முந்தைய எஸ்இஓ (தேடலில் முன்னால் வரவைக்கும் வேலை) பாடம் பழைய பஞ்சாங்கம். ரீஃபண்ட் விதியை வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

கமிஷனில் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்களே? (மதுரை)

ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் 20. ரிட்டர்ன் தாக்கல் செய்து கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே 18,000 கட்டிவிட்டேன். சொன்ன எதையும் தரவில்லை. பணம் திரும்ப வருமா? (காஞ்சிபுரம்)

வரலாம். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் மின்னஞ்சலில் ரீஃபண்ட் கேளுங்கள். போனில் மட்டும் பேசினால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, காலவரம்பு 2 ஆண்டு. சுத்த மோசடி, ஆளே இல்லை என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். அதுவரை அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள். அவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு அங்கிருக்கும் மெசேஜ்கள்தான் சாட்சி. இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.