சோலார் கேள்வி பதில்: ‘ஃபுல்’னு காட்டுது, ராத்திரி ஒன்பதுக்கே படுத்துடுது

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு எங்களுது, கரண்ட் லைன் இன்னும் வரல. 100 வாட் பேனல் ஒண்ணு, 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ கட்டுப்படுத்துற சாதாரண வகை), 12 வோல்ட் 42 ஏஎச் (ஆம்பியர் × மணி நேரம்) எஸ்எம்எஃப் பேட்டரி, அதாவது தண்ணி ஊத்த வேண்டாத சீல்டு லெட் ஆசிட். ரெண்டு 7 வாட் எல்இடி பல்பு, ஒரு 25 வாட் டிசி ஃபேன், அவ்வளவுதான் லோடு. போன வருஷம் விடிய விடிய ஓடுச்சு, இப்ப ஒன்பது மணிக்கே கட் ஆயிடுது. ஆனா மத்தியானம் பார்த்தா கன்ட்ரோலர்ல பேட்டரி படம் ஃபுல்லா நிக்குது. கடைக்காரர் பேட்டரி போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்றார். வாங்கிடவா சார்?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீங்க. இதே அமைப்புல புதுசு போட்டாலும் அடுத்த வருஷம் இதே கேள்வியத்தான் கேப்பீங்க.

முதல்ல அந்த பேட்டரி படத்த நம்புறத விடுங்க. அது வோல்டேஜ மட்டும் பார்த்து கட்டம் போடுது, வெயில் நேரத்துல பேனல் கரண்ட்ட தள்ளிக்கிட்டே இருக்கும்போது முழுசா நிறையாத பேட்டரியும் 14 வோல்ட் காட்டும். நெஜம் தெரியணும்னா பொழுது சாஞ்சதும் லைட்டு ஃபேன் எதையும் போடாம ரெண்டு மூணு மணி நேரம் சும்மா விட்டுட்டு மல்டிமீட்டர டெர்மினல்ல வச்சுப் பாருங்க. 12.8க்கு மேல இருந்தா ஃபுல், 12.2 கிட்ட இருந்தா பாதி, 11.9க்கு கீழன்னா கிட்டத்தட்ட காலி.

இப்ப சார்ஜ் எப்படி ஏறுதுன்னு சொல்றேன், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். மூட்டையில நெல்லு பிடிக்கிறப்ப முக்கால் வரைக்கும் சடசடன்னு கொட்டிடலாம், கடைசி கால்வாசிய குலுக்கிக் குலுக்கித்தான் இறக்கணும், லெட் ஆசிட் பேட்டரியும் அப்படித்தான். சுமார் 80 சதவீதம் வரைக்கும் பேனல் குடுக்கிற மொத்த கரண்ட்டையும் வாங்கிக்கும், வோல்டேஜ் மெல்ல ஏறி 14.4 தொடும். அதுக்கப்புறம் கன்ட்ரோலர் அந்த 14.4லயே பிடிச்சு வச்சிருக்கணும், கரண்ட் அஞ்சு ஆம்பியர்ல இருந்து மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு தானா குறையும், உங்க 42 ஏஎச் பேட்டரிக்கு அது அரை ஆம்பியர் கிட்ட வந்தாத்தான் நெஜமாவே ஃபுல். இந்தக் கடைசி 20 சதவீதத்துக்கே பல மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மணி நாலாயிடுது, வெயில் இறங்கிடுது. தினம் 80, 85லயே நின்னா மிச்சம் இருக்கிற லெட் சல்ஃபேட் தகட்டுல கெட்டியா படிஞ்சு போயி அப்புறம் எவ்வளவு சார்ஜ் குடுத்தாலும் கரையாது. சோலார்ல இருக்கிற சீல்டு பேட்டரி நிறைய இப்படி அரைவயித்துல கிடந்தே சாகுது, அதுக்கு கம்பெனியத் திட்டி பிரயோஜனம் இல்ல.

உங்க கணக்கயே போட்டுப் பார்ப்போம். ஃபேன் 2 ஆம்பியர், பத்து மணி நேரம், 20 ஏஎச். பல்பு ரெண்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர், அஞ்சு மணி நேரம், 6 ஏஎச். ஆக ஒரு ராத்திரிக்கு 26, அதாவது 42ல அறுபது சதவீதத்துக்கு மேல. 100 வாட் பேனல் நல்ல வெயில்ல 5.5 ஆம்பியர் குடுக்கும், அஞ்சு மணி நேர முழு வெயில்னு வச்சா 27, அதுல நஷ்டம் போக பேட்டரிக்குள்ள சேருறது 23தான். எடுக்கிறது 26, போடுறது 23, அதுவும் மேகம் இல்லாத நாள்ல! பேட்டரி புதுசா இருந்த தெம்புல ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கு.

அதனால ஒண்ணு ஃபேன் ஓடுற நேரத்த பாதியாக்கணும், இல்லன்னா இன்னொரு 100 வாட் பேனல பேரலல்ல போடணும். ரெண்டு பேனல்னா 11 ஆம்பியர் வரும், 10 ஆம்பியர் கன்ட்ரோலர் தாங்காது, 20 ஆம்பியருக்கு மாத்துங்க. பேட்டரி எத்தனை ஆம்பியர் வரைக்கும் வாங்கும்னு அது மேலயே போட்டிருக்கும், பொதுவா ஏஎச்ல கால் பங்குல இருந்து 0.3 பங்கு வரை, அதனால 11 உங்களுக்கு சரியாத்தான் இருக்கும், இருந்தாலும் படிச்சுப் பாத்துக்கங்க.

அப்படி படிக்கும்போது இன்னொன்னையும் கவனிங்க. பேட்டரி மேல ரெண்டு வோல்டேஜ் அச்சடிச்சிருப்பாங்க, ஸ்டாண்ட்பை யூஸ் 13.5 – 13.8னு ஒண்ணு, சைக்கிள் யூஸ் 14.4 – 15.0னு ஒண்ணு. ஸ்டாண்ட்பைங்கிறது யுபிஎஸ் மாதிரி எப்பவும் சார்ஜர்லயே கிடக்கிற பேட்டரிக்கு. தினம் இறங்கி தினம் ஏறுற சோலாருக்கு சைக்கிள் கணக்குதான். சில பேர் பேட்டரி வெந்துடும்னு பயந்து கன்ட்ரோலர 13.8ல செட் பண்ணி வச்சுடறாங்க, பட்டினி போடுறதுன்னா இதுதான். 13.6 – 13.8ங்கிறது நிறைஞ்சதுக்கு அப்புறம் ஃப்ளோட்ல நிக்க வேண்டிய வோல்டேஜ். ஜெல் பேட்டரின்னா மேல் அளவு 14.1, 14.2 போதும்.

இப்ப இருக்கிற பேட்டரி தேறுமான்னு பார்க்க லோடு எதுவும் போடாம ரெண்டு மூணு நாள் பேனல்லயே விடுங்க, அப்புறம் மேல சொன்ன மாதிரி அளந்து பாருங்க. 12.7க்கு மேல நின்னா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். 10.5 பக்கம் விழுந்துச்சுன்னா உள்ள ஒரு செல் ஷார்ட், அப்ப கடைக்காரர் சொன்னது சரி.

கேள்வி: தகர ஷெட்டுக்குள்ள வச்ச எஸ்எம்எஃப் பேட்டரி பக்கவாட்டுல வீங்கிடுச்சு. மேல் மூடியப் பேத்து டிஸ்டில் வாட்டர் ஊத்தினா சரியாகுமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: ஆகாதும்மா, மூடியத் தொடாதீங்க. உள்ள இருக்கிறது அழுத்தம் ஏறினா மட்டும் திறக்கிற வால்வு, அதிகமா சார்ஜ் ஆகி உள்ள இருக்கிற தண்ணி வாயுவா மாறி வெளிய போயிட்டா போனது போனதுதான். வீங்கின பேட்டரிய உடனே கழட்டிடுங்க.

காரணம் பெரும்பாலும் சூடு. 14.4ங்கிற அளவே 25 டிகிரிக்குன்னு வச்சது, அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 20ல இருந்து 30 மில்லிவோல்ட் குறைக்கணும். உங்க ஷெட்டுல மத்தியானம் 45 டிகிரி இருக்கும்னா 14 வோல்ட் கிட்டயே நிறுத்தியாகணும், அங்க போயி 14.4 குடுத்தா பேட்டரி சூடாகும், சூடானா இன்னும் கரண்ட் இழுக்கும், இழுத்தா இன்னும் சூடாகும். டெம்பரேச்சர் சென்சார் ஒயரோட வர்ற கன்ட்ரோலரா வாங்கி அந்த சென்சார பேட்டரி உடம்புலயே டேப் போட்டு ஒட்டுங்க, கன்ட்ரோலர் ஒரு சுவத்துலயும் பேட்டரி வேற மூலையிலயும் இருந்தா உள்ள இருக்கிற சென்சாரால பிரயோஜனம் கம்மி. அதோட மெனுவுல ‘ஃப்ளட்டட்’னு இருக்கான்னு பாருங்க, அது தண்ணி ஊத்துற டியூபுலர் பேட்டரிக்கான செட்டிங், அதுல அப்பப்ப ஈக்வலைஸ்னு 14.8க்கு மேல ஏத்தும், சீல்டு பேட்டரிக்கு அது விஷம். ‘சீல்டு’ போடுங்க.

சூடு 10 டிகிரி ஏறினா பேட்டரி ஆயுசு பாதியாயிடும், அதனால தரையோரமா நிழல்ல காத்து வர்ற இடமா பார்த்து வைங்க. பழசக் குடுத்துத்தான் புதுசு வாங்கணும், தெருவுல காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுடாதீங்க, அத உடைச்சு உருக்குற இடத்துல இருக்கிற பிள்ளைங்க உடம்புலதான் அந்த ஈயம் சேருது.

கேள்வி: மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் 12 வோல்ட் 8 ஏஎச். 20 வாட் பேனல கன்ட்ரோலர் இல்லாம நேரா குடுக்கலாமா? (கோபிச்செட்டிபாளையம்)

பதில்: வேணாங்க. அந்தப் பேனல் லோடு இல்லாதப்ப 21 வோல்ட் வரை போகும், நல்ல வெயில்ல 1.1 ஆம்பியர் குடுக்கும், 8 ஏஎச் நிறைஞ்ச பிறகும் அது நிக்காம தள்ளும், வோல்டேஜ் 15ஐத் தாண்டி உள்ள இருக்கிற ஈரமெல்லாம் காஞ்சிடும். சின்ன கன்ட்ரோலர் ஒண்ணு போட்டுடுங்க, பேட்டரி விலையோட பார்த்தா அது பெருசு இல்ல. ஸ்பிரேயருக்கு இன்னொரு விஷயம், சீசன் முடிஞ்சதும் காலியாவே மூலையில போட்டு வைக்கிறதுதான் அத அதிகமா கொல்லுது. ஃபுல் பண்ணி வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா, வெயில் காலத்துல இன்னும் சீக்கிரமா, திரும்ப ஏத்துங்க.

கேள்வி: மாடி சிஸ்டத்துல மிஞ்சின 330 வாட் பேனல 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்ல போடலாமா?

பதில்: போட்டா 330ல 115, 120 வாட்தான் கிடைக்கும். அந்தப் பேனல் வேலை செய்யிறது 37 வோல்ட்ல, பிடபிள்யூஎம் அத பேட்டரியோட 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிச்சுடும், கரண்ட் 9 ஆம்பியர்லயே நிக்கும். லோடு இல்லாதப்ப வர்ற ஓப்பன் வோல்டேஜ் 45 வேற, சின்ன கன்ட்ரோலர் சிலது அதத் தாங்காம எரிஞ்சுடும். எம்பிபிடி (பேனலோட அதிகப்படி வோல்டேஜ கரண்ட்டா மாத்திக் குடுக்கிற கன்ட்ரோலர்) 30 ஆம்பியர் வாங்குங்க, 23, 24 ஆம்பியர் வரும், 100 ஏஎச்சுக்கு அது தகும்.

கேள்வி: ஒயர் எத முதல்ல மாட்டணும்?

பதில்: பேட்டரி முதல்ல, அப்புறம் பேனல், கடைசியா லோடு. கழட்டும்போது அப்படியே தலைகீழா. பேட்டரி வோல்டேஜப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12ஆ 24ஆன்னு முடிவு பண்ணுது, பேனல முதல்ல மாட்டினா தப்பா எடுத்துக்கும், சிலது அங்கயே போயிடும். பேட்டரி பிளஸ்ல டெர்மினலுக்குப் பக்கத்துலயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடுங்க. லோ வோல்டேஜ் கட் ஆஃப், அதாவது பேட்டரி இறங்கினதும் கன்ட்ரோலர் லோட நிறுத்துற அளவு, 10.8ல இருந்தா 11.6க்கு ஏத்தி வைங்க.