நீச்சல் குளத்து நீர் எங்கே போகிறது?

கேள்வி: சின்ன வீராம்பட்டினத்தில் நாங்கள் நடத்தும் விருந்தினர் விடுதியில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள நீச்சல் குளம் இருக்கிறது. மோட்டார் ஓடும் நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. ஓடாத நாட்களில் அவ்வளவு இறங்குவதில்லை. தரையில் விரிசல் இருக்கும், குளத்தை இறைத்துவிட்டு டைல்ஸைப் பெயர்க்க வேண்டும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் குளத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 320 லிட்டர். நாளொன்றுக்கு 640 லிட்டர் போகிறது. இறைக்க இறைக்க நிலத்தடியில் உப்புநீர் ஏறும் கடலோரத்தில் இது சிறிய இழப்பன்று. இதில் எவ்வளவு வெயிலில் ஆவியாகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு வாளியில் குளத்து நீரை ஊற்றிக் குளத்தின் படியில் வைத்து, உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றாக இருக்கும்படி செய்து, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையும் குளிப்பவர்களும் இல்லாத ஒரு நாள் மோட்டாரை வழக்கம்போல் ஓடவிட்டும், மறுநாள் நிறுத்திவைத்தும் அளந்து பாருங்கள். வாளியில் குறைவது ஆவியானது. குளத்தில் அதற்கு மேல் குறைவது கசிவு.

மோட்டார் ஓடும்போது கசிவு கூடுகிறது என்றால், பம்பிலோ அதற்குப் பிறகு உள்ள ஃபில்டர், வால்வு, திரும்பும் குழாய் ஆகியவற்றிலோதான் குறை இருக்க வாய்ப்பு அதிகம். நான் முதலில் சந்தேகிப்பது, நீர் போகும் வழியைக் கைப்பிடியால் மாற்றும், ஃபில்டரின் மேலுள்ள பல வழி வால்வை. அதனுள்ளே வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போன்ற ரப்பர் கேஸ்கெட் ஒன்று உண்டு. அது தேய்ந்தாலோ கிழிந்தாலோ, கைப்பிடி ‘ஃபில்டர்’ நிலையில் இருக்கும்போதே ஒரு பங்கு நீர் கழிவுக் குழாய்க்குள் புகுந்து யார் கண்ணிலும் படாமல் சாக்கடைக்குப் போய்விடும். மோட்டார் ஓடும்போது கழிவுக் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே ஒரு சொட்டும் வரக்கூடாது. வந்தால் கேஸ்கெட்டை மாற்றினால் போதும். பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்புவதுதான் அது கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், பராமரிப்பவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி ஃபில்டரைக் கழுவுவதிலும் அளவு வேண்டும்: ஃபில்டரின் அழுத்தமானி சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை ஏறிய பிறகு செய்தால் போதும். கழிவு நீரைப் பார்க்க வால்வில் உள்ள கண்ணாடிக் குமிழில் நீர் தெளிந்தவுடன் நிறுத்திவிடலாம்.

அடுத்து, பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே ஈரம் தெரிகிறதா என்று தொட்டுப் பாருங்கள். தெரிந்தால், சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. நீரின்றிப் பம்பு ஓடினால் இந்த சீல் சூட்டில் கெட்டுவிடும். உப்புக் காற்றில் துருவேறும் போல்ட்டுகளையும் கிளாம்புகளையும் அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள்.

குளத்தை இறைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலேறியிருக்கும் கடலோரத்தில், காலியான தொட்டியைக் கீழிருந்து நீர் தூக்கி விரிசல் விடச் செய்துவிடக்கூடும். உபகரணங்கள் அனைத்தையும் சோதித்த பிறகே கொத்தனாரை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் குளத்தில் நீர் குறைந்தால் தானே நிரம்பும் மிதவை வால்வு இருக்கிறது. மட்டம் எப்போதும் சரியாகவே உள்ளது. நாங்களும் கவலைப்பட வேண்டுமா?
- வாசகர், கடலூர்

பதில்: நீங்கள்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மிதவை வால்வு கசிவை ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. மிதவை சிக்கிக்கொண்டால் வழிகால் வழியே இரவெல்லாம் நீர் ஓடும். வாளிச் சோதனை செய்யும்போது அந்த இணைப்பை மூடிவிடுங்கள். நிரப்பும் குழாயில் ஒரு சிறிய மீட்டரைப் பொருத்தி, வாரந்தோறும் ஒரே கிழமையில் அதன் அளவைக் குறித்து வந்தால், கசிவு தொடங்கிய வாரத்திலேயே கண்டுகொள்ளலாம்.