பிள்ளையளைச் சுத்தி வாற ஆக்கள்: நீங்கள் கேட்டதுகளும் என்ர பதிலும்

மிஸ், என்ர மகளுக்கு 13 வயசு. ரியூஷன் சேர் காசு வாங்காமத் தனியா படிப்பிக்கிறார், சப்பாத்தும் வாங்கிக் குடுத்தவர். சந்தேகப்படுறது பாவமோ? (கிளிநொச்சி)

பாவமில்லை அக்கா. உதவி செய்யிற எல்லாரும் கூடாதவையுமில்லை, 2009இல சண்டை முடிஞ்ச பிறகு இஞ்ச எத்தினை பிள்ளையள் ஆரோ செய்த உதவியாலதானே படிச்சதுகள். ஆனா கெட்ட எண்ணத்தோட வாறவன் முதல்ல பிள்ளையைப் பிடிக்கமாட்டான், உங்களைத்தான் பிடிப்பான். அரிசி மூட்டை இறக்குவான், ஆஸ்பத்திரிக்கு மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போவான், பிறகு நீங்களே "அவர் தங்கமான மனுசன்" எண்டு ஊருக்குச் சொல்லுவியள், பிள்ளை வாய் திறந்தாலும் ஒருத்தரும் நம்பாத மாதிரி ஆக்கிப்போடுவான். "வகுப்பை விறாந்தையில வையுங்கோ சேர், நானும் இதில இருந்து மரக்கறி வெட்டுறன்" எண்டு சொல்லிப்பாருங்கோ. சாட்டுச் சொன்னா வகுப்பை நிப்பாட்டுங்கோ. ஓமெண்டாலும் எப்பவும் விறாந்தையிலதான்.

மகள் வெளிநாட்டில வேலை. பேரனுக்கு 14, இரவிரவா போன். எனக்கு அதுகள் விளங்காது. (மாங்குளம்)

விளங்கத் தேவையில்லை அம்மா. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சி ஒராள் கண்டுபிடிச்சவ, எப்பிடித் தெரியுமே, தான் ரீலோட் போடக் காசே குடுக்கேல்லை, ஆனா பெடியன்ர போனில டேட்டா முடியிறதேயில்லை. கேம் விளையாடேக்க பழகின "அண்ணா" ஒராள் போட்டுக்கொண்டிருந்தவராம். முதல்ல கேமில சாமான் வாங்கிக் குடுப்பாங்கள், பிறகு வாட்ஸ்அப்புக்கு வா எண்டுவாங்கள், பிறகு படம் கேப்பாங்கள், படம் போனதும் மிரட்டல். பெடியன்தானே எண்டு விடாதேங்கோ. ஆள் வர போனைக் கவிட்டு வைக்கிறானோ, சாப்பாடு குறையுதோ, சும்மா எரிஞ்சு விழுறானோ பாருங்கோ. அடிக்கமட்டும் வேண்டாம், "வீட்டில சொன்னா உனக்குத்தான் அடி" எண்டுதான் மிரட்டுறவன் பிள்ளையைப் பயப்பிடுத்தி வச்சிருப்பான், நீங்களும் அடிச்சா அவன் சொன்னது சரியாப் போடும்.

மகளுக்கு 15, அவனுக்கு 24. லவ் எண்டுறாள். பேசாமக் கட்டிக்குடுப்பமோ?

வேண்டாம். 16 வயசுக்குக் கீழ பிள்ளை ஓமெண்டாலும் உறவு வச்சா சட்டத்தில குற்றம், கலியாணத்துக்கு 18 ஆகோணும். சண்டைக் காலத்தில கலியாணம் கட்டாத பிள்ளையைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயத்தில கட்டிக்குடுத்தனாங்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை.

பிள்ளையின்ர போனில கூடாத மெசேஜ், படமெல்லாம் கண்டிட்டன். அழிக்கவோ? (புதுக்குடியிருப்பு)

அழிக்காதேங்கோ தம்பி, அதுதான் சாட்சி. சொந்தக்காரருக்கு அனுப்பிக் காட்டவும் வேண்டாம், அது பிள்ளையின்ர படம். மெசேஜ் அனுப்பினவனுக்கு ஃபோன் எடுத்து ஏசவும் வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மாறியிடுவான். போனை அப்பிடியே பொலிசில சிறுவர், பெண்கள் பிரிவுக்குக் கொண்டு போங்கோ. அங்க போகக் கூச்சமெண்டா 1929க்கு எடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர், காசில்லை, 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலயே கதைக்கலாம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதேங்கோ, அங்கயும் கேப்பினம், வீட்டில ஒருக்காச் சொன்னது காணும்.